காட்டுக்குள் கச்சேரி: வுட்ஸ்டாக் மேவரிக் அரங்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை தொடங்கியதும் நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கத்து நண்பர்கள் இந்த இடத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் வீடுகளிலிருந்து இன்னும் கூடுதலாகக் கேள்விகள் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. அரங்கின் நிர்வாகத்துக்கும் எனக்கும் தொடர்பு எதுவும் இல்லை. அங்கே இசை கேட்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

வுட்ஸ்டாக் என்றால் 1969-இல் பெரிய ராக் விழா நடந்த ஊர்தானே?

இல்லை. அந்த விழா வுட்ஸ்டாக்கில் நடக்கவில்லை. இடம் கிடைக்காமல், சுமார் 60 மைல் தள்ளி பெத்தல் என்ற ஊரில் ஒரு பால்பண்ணைக்காரரின் நிலத்தில் நடந்தது. முதலிலேயே விளம்பரமாகிவிட்டதால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றும் வண்டியை வுட்ஸ்டாக் கடைத்தெருவில் நிறுத்திவிட்டு ‘அந்த மைதானம் எங்கே?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மைதானத்தைப் பார்க்க வேண்டுமானால் பெத்தலுக்குத்தான் போக வேண்டும். அங்கே இப்போது பெரிய கலை மையமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன.

வுட்ஸ்டாக்கின் சொந்தக் கதை அதற்கு அறுபது, எழுபது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. கேட்ஸ்கில் மலையடிவாரத்தில் ஓவியர்களும் தச்சர்களும் நெசவு செய்பவர்களும் பாட்டுக்காரர்களும் சேர்ந்து குடியேறிய ஊர் அது. மேவரிக் அரங்கு அந்தக் குடியேற்றத்தின் பிள்ளை. 1916-இலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அங்கே இசை ஒலித்து வருகிறது. சில பேர் மட்டும் சேர்ந்து வாசிப்பதைச் சேம்பர் இசை என்பார்கள். அமெரிக்காவில் இடைவிடாமல் நடந்துவரும் கோடைக்கால சேம்பர் இசை விழாக்களில் இதுவே மூத்தது என்று சொல்வார்கள்.

யார் தொடங்கினார்கள்? ஏன் காட்டுக்குள்?

இதை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். இந்தக் கதை தெரிந்தால் அரங்கில் உட்கார்ந்து கேட்கும்போது காது இன்னும் கொஞ்சம் திறக்கும்.

ரால்ஃப் ராட்கிளிஃப் வைட்ஹெட் என்ற செல்வந்தர், இங்கிலாந்தில் ஆலை முதலாளியின் மகன். எழுத்தாளர் ஜான் ரஸ்கினிடம் படித்தவர். இயந்திரம் மனிதனை நசுக்குகிறது, கைவேலைதான் அவனை மீட்கும் என்று நம்பினார். 1902-இல் வுட்ஸ்டாக்கில் மலைச்சரிவு நிலங்களை வாங்கி பேர்ட்கிளிஃப் என்ற கலைக் குடியிருப்பை உருவாக்கினார். அவருக்குத் துணை நின்ற இருவரில் ஒருவர் ஓவியர் போல்டன் பிரவுன், இன்னொருவர் ஹார்வி வைட்.

ஹார்வி வைட் அயோவாவில் பிறந்தவர், ஹார்வர்டில் படித்தவர், நாவலும் கவிதையும் எழுதியவர். சிகாகோவில் ஏழைகளுக்காக இயங்கிய ஹல் ஹவுஸில் வேலை பார்த்தவர். பணக்காரர் ஒருவர் விதி வகுக்க, மற்றவர்கள் கலை படைப்பது என்ற ஏற்பாடு அவருக்கு ஒத்துவரவில்லை. பேர்ட்கிளிஃபை விட்டு விலகி, 1905-இல் பக்கத்து ஹர்லி எல்லையில் சுமார் 100 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கினார். அதுதான் மேவரிக். மரத்தால் எளிமையான குடில்கள் கட்டி, மிகக் குறைந்த வாடகைக்குக் கலைஞர்களுக்குக் கொடுத்தார். குடில்களில் வசதி குறைவு, சட்டதிட்டமும் குறைவு.

சரி, இசை எப்படி வந்தது? தண்ணீர்க் கஷ்டத்தில் வந்தது. கிணறு தோண்டிய கடனை அடைக்க 1915-இல் ஒரு விழா நடத்தினார்கள். கைவிடப்பட்ட கல்குவாரிதான் மேடை. விதவிதமாக வேடம் கட்டிக்கொண்டு கூட்டம் வந்தது, பணமும் சேர்ந்தது. ஆகஸ்டு மாதத்து நிலா வெளிச்சத்தில் நடந்த அந்த விழா 1931 வரை ஆண்டுதோறும் தொடர்ந்தது. கோடையில் அங்கே வந்து தங்கிய வாத்தியக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வாசிக்க ஓர் இடம் வேண்டும் என்று 1916-இல் அரங்கு எழுந்தது. நியூயார்க்கின் பெரிய இசைக்குழுக்களில் குளிர்காலம் முழுக்க வாசித்துவிட்டு, கோடையில் வேலை இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள். புல்லாங்குழல் மேதை ஜார்ஜ் பரேர், செல்லோ என்ற பெரிய வயலின் வகை வாத்தியம் வாசித்த ஹோரஸ் பிரிட் போன்றவர்கள் தொடக்க காலத்தில் அங்கே வாசித்தவர்கள்.

அதாவது, இசை நிகழ்ச்சிக்காக இடம் தேடி யாரும் காட்டுக்குப் போகவில்லை. காட்டில் வாழ வந்தவர்கள் மாலையில் வாசித்தார்கள். மற்றவர்கள் கேட்க வந்தார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இடத்தில் இந்த வரிசை மாறவில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது.

அரங்கு எப்படி இருக்கும்? ஏசி உண்டா?

ஏசி கிடையாது, ஹீட்டரும் கிடையாது. அதனால்தான் கோடையில் மட்டும் நடக்கிறது.

பார்க்கப் பெரிய மரக் களஞ்சியம் மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்து மரத்தை வைத்து ஹார்வி வைட்டும் கூட்டாளிகளும் தாங்களே கட்டியது. முகப்பின் உச்சியில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சன்னல்கள். மாலை வெயில் அவற்றின் வழியே துண்டு துண்டாக உள்ளே விழுந்து, கச்சேரி போகப் போக இடம் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே மேலே பார்த்தால் உத்தரமும் பலகையும் அப்படியே தெரியும். சுண்ணாம்புப் பூச்சு, திரைச்சீலை, கம்பளம் எதுவும் இல்லை. எல்லாம் உலர்ந்த பழைய மரம். பின்பக்கம் காட்டைப் பார்த்துத் திறந்துகொள்ளும்.

மேடையில் 18 அடிக்கு மேல் உயரமான மரச்சிற்பம் ஒன்று நிற்கும், தவறவிடாதீர்கள். மண்ணிலிருந்து ஒரு மனிதன் எழ, அவன் கைகளிலிருந்து ஒரு குதிரை எழுவது போன்ற வடிவம். 1924-இல் சிற்பி ஜான் ஃபிளானகன் ஒரே மரத்தை கோடரியால் செதுக்கிச் செய்தது. அவருக்குக் கொடுத்தது மணிக்கூலிதான். காட்டில் தன்னிச்சையாகத் திரிந்த மேவரிக் என்ற வெள்ளைக் குதிரையைப் பற்றி ஹார்வி வைட் கொலராடோவில் கேள்விப்பட்டிருந்தார். இடத்தின் பெயரும் சிற்பமும் அதிலிருந்து வந்தவை. பல வருடம் வெயிலிலும் பனியிலும் வெளியே நின்ற சிற்பத்தை 1979-இல் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கோடரி பட்ட வெட்டுகள் இன்னும் தெரியும், முன்வரிசையிலிருந்து பாருங்கள்.

மைக் இல்லாமல் கேட்குமா?

கேட்கும். செவ்வியல் கச்சேரிகளுக்கு மைக் வேண்டியதே இல்லை. மரச்சுவரும் மரக்கூரையும் சேர்ந்து ஒலியை மிருதுவாகத் திருப்பி அனுப்புகின்றன. செல்லோவின் கீழ் ஸ்தாயி உட்கார்ந்திருக்கும் பெஞ்சு வழியாகவே உடம்பில் ஏறும்.

சபாக்களில் மைக் வழியே கேட்டுப் பழகிய நமக்கு முதல் ஐந்து நிமிடம் சத்தம் போதவில்லை என்றுதான் தோன்றும். பொறுத்திருங்கள். காது தானாக இறங்கி வரும். அப்புறம் வில் நரம்பைத் தொடுவதற்கு முன் வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். நால்வர் குழு ஒன்றில் நான்கு பேரும் ஒரே கணத்தில் மூச்சை இழுத்து ஒரே கணத்தில் தொடங்குவதை முதல்முறை கேட்டபோது, இத்தனை நாள் ஸ்பீக்கர் எனக்கு எதையெல்லாம் மறைத்துவைத்திருந்தது என்று தோன்றியது.

ஜாஸ், நாட்டுப்புறப் பாட்டு நடக்கும் மாலைகளில் தேவைக்கேற்ப மைக் வைப்பார்கள்.

உள்ளே உட்காருவது நல்லதா, வெளியே உட்காருவது நல்லதா?

வயதானவர்கள், முதல்முறை வருபவர்கள் உள்ளே உட்காரட்டும். இருக்கை மரப்பலகை என்பதால் ஒரு சின்ன மெத்தை எடுத்துப் போவது நல்லது. முதுகுவலி உள்ளவர்களுக்கு இது கண்டிப்பாகத் தேவை.

என் ஓட்டு வெளியேதான். மரத்தடியில் உட்கார்ந்தால் வாசிப்பவர்களின் முகம் சரியாகத் தெரியாது. ஆனால் ஒலி அரங்கைக் கடந்து, இலைகளுக்கு நடுவே வந்து சேரும். ஜூன், ஜூலையில் பொழுது சாயும் நேரத்தில் ‘வுட் த்ரஷ்’ என்ற காட்டுப்பறவை கூவும். அது ஒரே சமயத்தில் இரண்டு சுரம் எழுப்பக்கூடிய பறவை. ஆகஸ்டு பிறந்துவிட்டால் இருட்டியதும் பச்சை வெட்டுக்கிளிகள் ஆரம்பித்துவிடும். விடாமல், மரத்துக்கு மரம் பதில் சொல்லிக்கொண்டு, கச்சேரி முடியும் வரை அவற்றின் தாளம் நிற்காது. இதைத் தொந்தரவாக நினைப்பவர்கள் உள்ளே போய்விடலாம். நான் அதற்காகவே வெளியே உட்காருகிறேன்.

மேற்கத்திய சங்கீதம் எனக்குத் தெரியாதே. வந்தால் புரியுமா?

புரிய வேண்டும் என்று கட்டாயமா என்ன? கேட்க முடியும், அது போதும்.

இருந்தாலும் ஒரு சின்னக் குறிப்பு உதவும். அங்கே அதிகம் நடப்பது சேம்பர் இசை. நடத்துநர் இல்லாமல் மூன்று, நான்கு, ஐந்து பேர் சேர்ந்து வாசிப்பது. ஸ்ட்ரிங் குவார்டெட் என்றால் இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, ஒரு செல்லோ. நம் கச்சேரியில் ஒருவர் பிரதானம், மற்றவர்கள் பக்கவாத்தியம். இங்கே நால்வரும் சமம். ஒரு மெட்டு முதல் வயலினில் பிறந்து வியோலாவுக்குப் போய், செல்லோ வழியாக அடியில் இறங்கும். அது யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள். முதல்முறைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. வாசிப்பவர்களின் கண்களையும் பாருங்கள். யார் யாருக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது கண்ணில் தெரிந்துவிடும். மிருதங்கக்காரர் பாடகரின் முகம் பார்த்துத் தீர்மானத்துக்குத் தயாராவதைக் கவனித்துப் பழகிய ரசிகர்களுக்கு இது இயல்பாகவே பிடிபடும்.

கற்பனை ஸ்வரம் மாதிரி அந்த இடத்திலேயே உருவாவதைக் கேட்க ஆசை என்றால் ஜாஸ் மாலையைத் தேர்ந்தெடுங்கள்.

எப்போது கைதட்டுவது? தாளம் போடலாமா?

நம்மவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஒரு படைப்பு மூன்று, நான்கு பாகங்களாக இருக்கும். பாகங்களுக்கு நடுவே சில நொடி மௌனம் வரும், அங்கே தட்டுவதில்லை. எல்லாம் முடிந்து வில்லைக் கீழே இறக்கிய பிறகுதான் தட்டுவார்கள். சந்தேகமாக இருந்தால் பக்கத்திலிருப்பவர்கள் தட்டும் வரை காத்திருங்கள். தவறித் தட்டிவிட்டாலும் குற்றமில்லை, அங்கே வரும் கூட்டம் அன்பான கூட்டம். ஜாஸ் என்றால் ஒருவர் தனியாக வாசித்து முடித்ததுமே தட்டலாம், தனி ஆவர்த்தனத்துக்குத் தட்டுவது போல.

தொடையில் சத்தமில்லாமல் தாளம் போடலாம். ‘பலே’, ‘சபாஷ்’ மட்டும் மனதுக்குள் இருக்கட்டும். மைக் இல்லாத இடத்தில் ஒரு சின்ன ‘ஆஹா’ கூடக் கடைசி வரிசை வரை போகும். செல்போனை அணைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையைப் பிரிக்கும் சத்தமும் எல்லோருக்கும் கேட்கும். இருமல் மிட்டாயை முன்னாடியே பிரித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் யாரோ வாசிக்காமலே பியானோ வாசித்தாராமே?

ஆமாம், இங்கேதான். 1952 ஆகஸ்டு 29, வெள்ளிக்கிழமை. கலைஞர்களுக்கான உதவி நிதிக்கு நடந்த கச்சேரி. டேவிட் டியூடர் என்ற கலைஞர் பியானோவில் உட்கார்ந்தார். ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரின் புதிய படைப்பு. மொத்தம் நான்கு நிமிடம் முப்பத்து மூன்று வினாடி, அதன் பெயரே அதுதான். மூன்று பாகங்கள்: முதலாவது 33 வினாடி, இரண்டாவது 2 நிமிடம் 40 வினாடி, மூன்றாவது 1 நிமிடம் 20 வினாடி. ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் டியூடர் பியானோவின் மூடியை மூடினார், முடிவில் திறந்தார். நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு, தாளைப் புரட்டினார். ஒரு கட்டையைக்கூட அழுத்தவில்லை.

என்ன கேட்டது என்பதைக் கேஜ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் பாகத்தில் வெளியே காற்று அசைந்தது. இரண்டாவதில் கூரைமேல் மழைத்துளிகள் விழத் தொடங்கின. மூன்றாவதில் ஜனங்கள் பேசியதும் எழுந்து நடந்ததும். கேட்டவர்களில் பலருக்குக் கோபம். அன்றைய கலந்துரையாடலில் ஒருவர் எழுந்து, இவர்களை ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்று சொன்னதாகவும் பதிவு உண்டு.

இதை வெறும் வேடிக்கையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கதவடைத்த நகரத்து அரங்கில் இது நடந்திருந்தால் கேட்டிருப்பது மௌனமும் இருமலும்தான். காட்டைப் பார்த்துத் திறந்திருக்கும் இந்த அரங்கில் கேட்பதற்கு ஏராளமாக இருந்தது. அந்தப் படைப்பு பிறக்க இதைவிடப் பொருத்தமான கட்டடம் அமைந்திருக்காது.

இதில் இந்தியத் தொடர்பும் ஒன்று உண்டு. 1946-இல் அகமதாபாத்திலிருந்து நியூயார்க் வந்த கீதா சாராபாய், கேஜிடம் மேற்கத்திய இசையைக் கற்றார். பதிலுக்கு இந்திய இசையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பணப் பரிமாற்றம் இல்லை. இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனத்தை அமைதிப்படுத்தித் தெய்வ அருளை ஏற்கும் நிலைக்குக் கொண்டுவருவதற்காக என்று தம் குருவிடம் கேட்டறிந்ததை அவர் சொன்னார். கேஜ் அதைத் தம் எழுத்திலும் பேச்சிலும் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தார். ஊருக்குத் திரும்பும்போது கீதா சாராபாய் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது ஸ்ரீ ராமகிருஷ்ணரின் அமுதமொழிகள் அடங்கிய நூலின் ஆங்கிலப் பதிப்பு. ஆறு வருடம் கழித்து மேவரிக்கில் அந்த மூடி மூடப்பட்டபோது, அந்தப் பேச்சும் அதில் கலந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

மழை வந்தால்?

கச்சேரி நடக்கும். வெளியே இருப்பவர்கள் பாடுதான் சிரமம். கேட்ஸ்கில் பக்கம் ஜூலை, ஆகஸ்டு மாலைகளில் இடிமழை சாதாரணம். குடை, மழைக்கோட்டு காரில் இருக்கட்டும். ஈரக்காற்றில் நரம்புகள் சுருதி விலகும், பாகங்களுக்கு நடுவே திரும்பச் சேர்ப்பார்கள். அவசரப்படாமல் காத்திருங்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

சனிக்கிழமை காலைகளில் சிறுவர்களுக்கென்றே நிகழ்ச்சிகள் நடத்துவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் சரி. வாத்தியத்தைக் கிட்ட இருந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். மாலைக் கச்சேரிக்கு, ஒரு மணி நேரம் அமைதியாக உட்காரக்கூடிய வயது வந்தவர்களை அழைத்துப் போங்கள். வயலின் வகுப்புக்குப் போகும் பிள்ளை இருந்தால் உள்ளே முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

எப்படிப் போவது?

நியூயார்க் நகரத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 100 மைல். காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வெள்ளிக்கிழமை மாலை என்றால் இன்னும் கூடும். த்ரூவே நெடுஞ்சாலையில் 19-ஆம் எண் வெளிவழியில் கிங்ஸ்டனில் இறங்கி, 28-ஆம் எண் சாலை, பிறகு 375. அதிலிருந்து மேவரிக் சாலை பிரியும். வெறும் ‘வுட்ஸ்டாக்’ என்று ஜிபிஎஸ்ஸில் போட்டால் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், ‘மேவரிக் கான்சர்ட்ஸ்’ என்று போடுங்கள். கார் இல்லாதவர்களுக்கு நகரத்திலிருந்து வுட்ஸ்டாக் ஊருக்குள் பேருந்து உண்டு. அங்கிருந்து அரங்குக்கு டாக்சிதான். திரும்பி வரவும் சேர்த்து முன்னாடியே பேசிவையுங்கள்.

இரவில் காட்டுப்பாதை கும்மிருட்டு. கார் நிறுத்துமிடம் வரை நடக்க டார்ச் வேண்டும். மான் குறுக்கே வரும், மெதுவாக ஓட்டுங்கள்.

சாப்பாடு? பூச்சி?

ஊரின் பிரதான வீதியான டிங்கர் ஸ்ட்ரீட்டில் சைவமாகவும் சாப்பிடக் கிடைக்கும். நாங்கள் வழக்கமாகப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய், கச்சேரிக்கு முன்பே சாப்பிட்டுவிடுவோம். மிச்சத்தையும் குப்பையையும் வெளியே விட்டுவைக்காதீர்கள், அந்தப் பக்கம் கருங்கரடிகள் நடமாட்டம் உண்டு.

பூச்சி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கொசு பரவாயில்லை, உண்ணிதான் பிரச்சினை. ஹட்சன் பள்ளத்தாக்கில் மான் உண்ணி மூலம் லைம் நோய் பரவுகிறது. புல்லில் நேராக உட்காராமல் நாற்காலி கொண்டுபோங்கள். முழுக்கால் உடை, காலுறை. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடிக்குள் எல்லாம் தேடிப் பாருங்கள். புடவை கட்டிவரும் அம்மாக்கள் கணுக்காலுக்கு மருந்து தெளித்துக்கொள்ளட்டும்.

வுட்ஸ்டாக்கோடு நம்மவர்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

ஊரோடு என்பதைவிட அந்தப் பெயர் தாங்கிய விழாவோடு உண்டு, அதுவும் அருமையான தொடர்பு. 1969 ஆகஸ்டு 15 அன்று பெத்தலில் கூடியிருந்த லட்சக்கணக்கான இளைஞர்களிடம் தொடக்க உரை ஆற்றியவர் சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் 1914-இல் பிறந்தவர், இயற்பெயர் ராமசாமி. ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தரின் சீடர். இலங்கையில் பல ஆண்டுகள் ஆன்மிகப் பணி செய்துவிட்டு, 1966-இல் அமெரிக்கா வந்தார். உலகத்தையே இயக்குவது நாதம்தான் என்ற கருத்தை அன்று அந்தக் கூட்டத்துக்குச் சொன்னார். பின்னாளில் வர்ஜீனியாவில் யோகாவில் என்ற ஆசிரமத்தை அமைத்தார். அவர் மறைந்ததும் தமிழ்நாட்டில்தான், 2002-இல்.

அதே நாள் இரவு, பண்டிட் ரவிசங்கர் மழையில் சிதார் வாசித்தார், தபலா அல்லா ரக்கா. அத்தனை பெரிய கூட்டமும் சேறும் அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். அவர் வருத்தம் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆலாபனை கேட்க அமைதி வேண்டும், அது அந்த மைதானத்தில் கிடைத்திருக்க வழியில்லை. சிறிய மர அரங்கில்தான் அது கிடைக்கும்.

அங்கேயே தங்கிக் கலைப் பணி செய்ய முடியுமா?

மேவரிக்கில் இப்போது கச்சேரிகள் மட்டும்தான். ஆனால் பேர்ட்கிளிஃப் குடியிருப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. எழுத்தாளர், ஓவியர், இசையமைப்பாளர் விண்ணப்பித்துச் சில வாரங்கள் தங்கி வேலை செய்யலாம். தமிழில் எழுதுபவர்கள் இந்த மாதிரி வாய்ப்புகளுக்கு விண்ணப்பிப்பதே குறைவு. மொழிபெயர்த்த சில பக்கங்களோடு முயன்று பாருங்கள்.

வாத்தியம் கற்பவர்களுக்கு இன்னோர் இடம் சொல்கிறேன். பக்கத்தில் ஆலிவ்பிரிட்ஜில் அஷோகன் மையம். ஃபிடில் கலைஞர் ஜே உங்கர் 1980-இல் அந்த வளாகத்தில் தொடங்கிய கோடை முகாம்கள் அங்கே வேரூன்றின. ஒரு வாரம் தங்கி, பகலில் பாடம், இரவில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பதும் நடனமும். ஒருமுறை முகாம் முடிந்து பிரிந்த ஏக்கத்தில் 1982-இல் அவர் இயற்றிய மெட்டு, பிறகு அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தொலைக்காட்சித் தொடர் வழியாக நாடு முழுக்கப் பரவியது. கேட்டால் பழைய நாட்டுப்புறப் பாட்டு என்றே நினைப்பீர்கள்.

வேறு எங்கே இசை கேட்கலாம்?

‘தி பேண்ட்’ என்ற ராக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் லெவன் ஹெல்ம் வுட்ஸ்டாக்கில் தம் வீட்டோடு சேர்ந்த களஞ்சியத்தில் நடத்திய நள்ளிரவுக் கச்சேரிகள் புகழ்பெற்றவை. தொண்டைப் புற்றுநோய் வந்து, மருத்துவச் செலவில் கடன் ஏறி, வீடே கைவிட்டுப் போகும் நிலையில் தொடங்கியவை. கேட்க வந்தவர்கள் வீட்டிலிருந்து பதார்த்தங்கள் கொண்டுவந்து பொது மேசையில் வைப்பார்கள். இழந்திருந்த குரல் மெல்லத் திரும்பி, அவர் மறுபடி பாடியதும் அங்கேதான். 2012-இல் அவர் மறைந்தார். களஞ்சியத்தில் கச்சேரிகள் தொடர்கின்றன. டிக்கெட் விலை கூடுதல், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

டிக்கெட் வாங்கிவிட்டுத்தான் போக வேண்டுமா?

பெயர் பெற்ற குவார்டெட், ஜாஸ் கலைஞர் என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். மற்ற நாட்களில் வாசலிலும் கிடைக்கும். பருவம் ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை, வார இறுதிகளில். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக் கச்சேரி நெடுங்கால வழக்கம், சனிக்கிழமைகளில் பொழுது சாய்ந்த பிறகு. நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால் அவர்களின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

டிக்கெட் பணத்தில் மட்டும் இந்த அரங்கு ஓடவில்லை. லாபநோக்கில்லாத அமைப்பு, நன்கொடையில் நிற்பது. நூறு வயது தாண்டிய மரக் கட்டடத்தின் கூரையைப் பராமரிப்பது லேசான செலவு அல்ல. முடிந்தால் டிக்கெட்டோடு பத்து, இருபது டாலர் சேர்த்துக் கொடுங்கள்.

ஒரே ஒருநாள்தான் இருக்கிறது. எந்தக் கச்சேரிக்குப் போகட்டும்?

ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஸ்ட்ரிங் குவார்டெட். நிகழ்ச்சி நிரலில் ஹெய்டனோ பீத்தோவனோ ஒன்றும், இந்தக் காலத்துப் படைப்பு ஒன்றும் இருப்பதாகப் பாருங்கள். அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். இடைவேளை வரை உள்ளே, அதற்குப் பிறகு நிர்வாகத்தாரிடம் கேட்டுக்கொண்டு வெளியே மரத்தடியில். பெற்றோரைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் மெத்தையும் ஒரு சால்வையும் மறக்க வேண்டாம். வெயில் இறங்கியதும் குளிர ஆரம்பித்துவிடும்.